கூவத்துக்கும் கொசஸ்தலைக்கும் இடையே: வேப்பம்பட்டுச் சமவெளியின் மிதிவண்டி வழிகள்

வேப்பம்பட்டு, சென்னை சென்ட்ரல் – அரக்கோணம் புறநகர் ரயில் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோட்டுக்கும் இடையே உள்ள ஊர். திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே கூவம் ஆறும் வடக்கே கொசஸ்தலை ஆறும் ஓட, இரண்டுக்கும் நடுவில் மேடு பள்ளம் அதிகமில்லாத ஏரிப்பாசன நிலத்தில் அமைந்திருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தச் சமவெளி வழியாகத்தான் ஓடியது. நாட்டின் பெரிய மிதிவண்டி ஆலைகளுள் ஒன்று இதே ரயில் பாதையில் உள்ள அம்பத்தூரில் எழுந்தது. மிதிவண்டி ஓட்டுவதற்கு இதைவிட ஏற்ற நிலம் சென்னையைச் சுற்றி வேறு இல்லை என்றே சொல்லலாம்.

ஆனாலும் இந்த வட்டாரத்தில் மிதிவண்டிக்காரர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய வழிகள் மிதிவண்டிக்காகப் போடப்பட்டவை அல்ல. தண்ணீரைத் தேக்க எழுப்பிய ஏரிக்கரை, வெள்ளத்தைத் தடுக்க உயர்த்திய ஆற்றங்கரை, மாட்டுவண்டி போன பாட்டை, ரயில் பாதையை ஒட்டிய ஒற்றையடித் தடம் ஆகியவைதாம் அவர்களுடைய வழிகள். கரைகள் இருந்தவரை வழிகளும் இருந்தன. கரைகள் குறையத் தொடங்கியபோது மிதிவண்டி நெடுஞ்சாலைக்குத் தள்ளப்பட்டது. வேப்பம்பட்டுச் சமவெளியின் மிதிவண்டி வரலாறு அதன் நீர்க்கரைகளின் வரலாறும் ஆகும்.

நிலமும் நீரும்

கொசஸ்தலை ஆறு, கொற்றலை ஆறு என்றும் வழங்கப்படும். சுமார் 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூர் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. இதன் குறுக்கே உள்ள கேசவரம் அணைக்கட்டில் நீரின் ஒரு பகுதி பிரிந்து கூவம் ஆற்றுக்குச் செல்கிறது. சென்னை நகருக்குள் சாக்கடையாகப் பெயர் வாங்கிய கூவம், திருவள்ளூர் மாவட்டத்தில் வயல்களுக்கு நீர் தரும் ஆறாகவே தொடங்குகிறது. திருவிற்கோலம் என்னும் பாடல் பெற்ற தலம் அமைந்த கூவம் கிராமமும் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. இன்னும் வடக்கே ஆரணியாறு பெரியபாளையம் வழியாகச் சென்று பழவேற்காடு பகுதியில் கடலை அடைகிறது. ஆக, திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையிலான பரப்பு மூன்று ஆறுகளின் வண்டல் படிந்த கடலோரச் சமவெளி ஆகும்.

இந்த ஆறுகளில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் வரும் நீரைப் பிடித்து வைக்க முன்னோர் ஏரிகளை வெட்டினர். நிலம் மேற்கிலிருந்து கிழக்காக மிக மெதுவாகச் சரிவதால், சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் ஒரு மண்கரை எழுப்பினால் போதும், நீர் தேங்கிவிடும். மதகு வழியாக வயலுக்கு நீர் போகும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். ஒன்றோடொன்று சங்கிலிபோல் இணைந்த இந்த ஏரிகளே தொண்டைமண்டலத்து ஊர்களின் உயிர்நாடி. பருத்திப்பட்டு, பெருமாள்பட்டு, வேப்பம்பட்டு எனப் ‘பட்டு’ என்று முடியும் ஊர்கள் பலவும் இவ்வாறு ஏரியைச் சார்ந்து வளர்ந்தவை.

ஏரிக்கரைக்கு நீர் தேக்குவது மட்டும் வேலையாக இருக்கவில்லை. மழைக்காலத்தில் சுற்றிலும் வயல் சேறாகக் கிடக்கும்போது, ஊரிலிருந்து ஊருக்குக் கால் நனையாமல் போகக் கரைதான் வழி. பெரிய ஏரிகளின் கரை மேல் வண்டியே போகும். சிறியவற்றில் ஆள் நடக்கும் தடம் இருக்கும். கரையோரம் நின்ற பனைகள் மண்ணைப் பிடித்தன; மேலே நடந்த கால்கள் மண்ணை இறுக்கின. மிதிவண்டி வந்தபோது இந்தத் தடங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன.

சமவெளியும் மிதிவண்டியும்

மிதிவண்டிக்கும் சமநிலத்துக்கும் உள்ள உறவு அதன் பிறப்பிலேயே தொடங்குகிறது. ஜெர்மனியின் கார்ல் வான் டிரைஸ், இரு சக்கரம் கொண்ட தமது ஓட்ட வண்டியை 1817 ஜூன் 12 அன்று மான்ஹைம் நகரிலிருந்து ஓட்டிக் காட்டினார். பெடல் இல்லாத அந்த வண்டியைக் காலால் தரையை உந்தித்தான் ஓட்ட வேண்டும். ரைன், நெக்கார் ஆகிய இரு ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்த நகரம் மான்ஹைம். டிரைஸ் தேர்ந்தெடுத்த சாலை ஆற்றுச் சமவெளியில் போகும் தட்டையான, நல்ல சாலை. கரடுமுரடான மலைப்பாதையில் அந்த வண்டி நகர்ந்திருக்காது.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் ‘ரோவர்’ வண்டியைச் செயின் இணைப்புடன் உருவாக்கினார். 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய மிதிவண்டியின் அடிப்படை வடிவம் இவ்விரண்டாலும் முழுமை பெற்றது.

சமநிலம் ஏன் முக்கியம் என்பதை எளிய கணக்கில் காணலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை என்றால், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சிறிய ஏற்றமே சுமார் 8 நியூட்டன் விசையைப் பின்னோக்கித் தரும். சாதாரணச் சாலையில் சாதாரண டயர் உருள்வதில் ஏற்படும் தடையும் ஏறத்தாழ அந்த அளவே. அதாவது கண்ணுக்கே தெரியாத ஏற்றம்கூட, மெதுவாக ஓட்டுபவரின் உழைப்பை இரட்டிப்பாக்கிவிடும். தமிழ்நாட்டில் நெடுங்காலம் ஓடியவை கியர் இல்லாத, கனமான இரும்பு வண்டிகள். பின்னால் கேரியரில் அரிசி மூட்டையோ பால் கேனோ வேறு இருக்கும். அப்படிப்பட்ட வண்டி அன்றாட வாழ்வின் பகுதியாக ஆவதற்கு, திருவள்ளூர் மாவட்டம் போன்ற தட்டையான நிலம் பெரிதும் உதவியது.

ரயில் பாதை போட்ட கோடு

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காடு எனப்பட்ட வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்தப் பாதை பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகச் சென்றது. நீராவி எஞ்சினுக்கும் ஏற்றம் ஆகாது. ஆகவே பொறியாளர்களும் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட இந்தச் சமநிலத்தையே தேர்ந்தெடுத்தனர்.

ரயில் நிலையங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளியே அமைந்தன. நிலையத்திலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கிராமத்துக்கு நடந்தோ மாட்டுவண்டியிலோ போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இங்கிலாந்திலிருந்து மிதிவண்டிகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. முதலில் அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும் வைத்திருந்தனர். பின்னர் தபால்காரர், ஆசிரியர், மளிகைக்காரர், பால்காரர் என்று இறங்கி வந்தது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த அந்த இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் புறநகரில் மிதிவண்டியின் சொந்த இடமாயிற்று. ரயில் நிலைய வாசலில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டு அதன் அடையாளம்.

அக்காலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் மிதிவண்டிக்கு வரி வசூலித்து, பணம் கட்டியதற்கு அடையாளமாக ஓர் உலோக வில்லை தந்தன. வில்லை இல்லாத வண்டிக்கும், இரவில் விளக்கில்லாமல் ஓட்டியவருக்கும், ‘டபுள்ஸ்’ போனவருக்கும் அபராதம் உண்டு. மிதிவண்டி அன்று வரி கட்டிச் சாலையில் போன வாகனம் என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி.

அம்பத்தூரில் ஆலை

சுதந்திரத்துக்கு முன்பு இந்தியாவில் ஓடிய மிதிவண்டிகளில் பெரும்பாலானவை இறக்குமதி செய்யப்பட்டவை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நிலை மாறியது. அசன்சோலில் சென்–ராலே, சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் 1956இல் ஹீரோ என ஆலைகள் எழுந்தன. தெற்கில் அந்த இடம் அம்பத்தூருக்குக் கிடைத்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. பர்மிங்காமில் 1910இல் தோன்றிய ஹெர்குலிஸ் என்னும் பெயர் அம்பத்தூரில் செய்த வண்டிகளிலும் பொறிக்கப்பட்டது. பின்னர் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களும் சேர்ந்தன.

மிதிவண்டியின் பாகங்களும் அதே ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் உருவாயின. சட்டத்துக்கான எஃகுக் குழாய்களைச் செய்யும் டியூப் புராடக்ட்ஸ் ஆலை 1955இல் ஆவடியில் தொடங்கப்பட்டது. செயின் செய்யும் டி.ஐ. டயமண்ட் செயின், விளக்கும் டைனமோவும் செய்யும் டி.ஐ. மில்லர் ஆகியவை அம்பத்தூர் வட்டாரத்தில் இயங்கின. டன்லப் டயர் ஆலையும் அம்பத்தூரில் இருந்தது. ஒரு மிதிவண்டியின் குழாய், செயின், விளக்கு ஆகியவை சில கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேயே கிடைத்த இடமாக இந்த ரயில் பாதை விளங்கியது.

1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. பின்னர் திருவள்ளூர் அருகே காக்களூரிலும் வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. வேலைக்கு வந்தவர்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து மிதிவண்டியில் வந்தனர். ஷிப்டு முடியும் நேரத்தில் ஆலை வாசலிலிருந்து மிதிவண்டிகள் கூட்டமாக வெளிவருவது அந்நாளின் வழக்கமான காட்சி. ஹேண்டில்பாரில் தொங்கும் சாப்பாட்டுத் தூக்கு, பேன்ட்டின் வலது காலைச் செயினில் மாட்டாமல் பிடித்திருக்கும் கிளிப், இரவு ஷிப்டுக்குப் போகும்போது பின்சக்கரத்தில் உரசி முனகும் டைனமோ ஆகியவை ஒரு தலைமுறையின் நினைவில் நின்றவை.

அந்தத் தொழிலாளர்கள் எல்லோரும் பெரிய சாலை வழியாகச் செல்லவில்லை. ஏரிக்கரையில் ஏறி, கலங்கலைத் தாண்டி, ரயில்வே கேட்டில் குறுக்கே போனால் தூரம் குறையும். லாரியும் எதிரே வராது. வரைபடத்தில் இல்லாத இந்தக் குறுக்கு வழிகளே இந்தச் சமவெளியின் முதல் மிதிவண்டிப் பாதைகள்.

குரங்குப் பெடலும் வாடகைக் கடையும்

சொந்தமாக வண்டி வாங்க முடியாதவர்களுக்கு ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கணக்கில் வாடகை, கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொள்வார். பஞ்சர் ஒட்டுவதும் காற்று அடிப்பதும் வீல் கோட்டம் எடுப்பதும் அதே கடையில் நடக்கும். சிறுவர்கள் சேர்ந்து காசு போட்டு ஒரு வண்டி எடுத்து, ஏரிக்கரையிலோ அறுவடை முடிந்த வயலிலோ முறை வைத்து ஓட்டிப் பழகினர்.

பெரியவர்களின் வண்டியில் உயரம் எட்டாத சிறுவன், குறுக்குக் கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடலை ஒரு பக்கம் சாய்த்து மிதிப்பான். இதற்குக் ‘குரங்குப் பெடல்’ என்று பெயர். சிறுவர் வண்டி வாங்கித்தர வசதியில்லாத குடும்பங்களில் பிறந்த ஒரு கலை அது. விழுந்தால் மண் தாங்கிக்கொள்ளும் என்பதாலேயே கரையும் வயலும் பயிற்சிக் களமாயின. ஊரில் பொதுவெளி இருந்தால்தான் ஒரு தலைமுறை மிதிவண்டி கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கும் இது சான்று.

பெண்கள் ஏறிய வண்டி

நெடுங்காலம் மிதிவண்டி ஆண்களின் வாகனமாகவே இருந்தது. அதைப் பெரிய அளவில் மாற்றிய நிகழ்வு புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. 1991இல் அங்கு தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஆதரவாக இருந்தார். குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பலரும் கற்றனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதாக இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் வண்டி கிடைக்காத இடங்களில் அவர்கள் குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் வண்டியையே வாங்கினர். அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்க முடிந்தது கூடுதல் வசதியாயிற்று. தண்ணீர் எடுக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் கணவனையோ மகனையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தது.

அடுத்த மாற்றம் பள்ளிக்கூடம் வழியாக வந்தது. தமிழ்நாடு அரசு 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியருக்கு அது விரிவாக்கப்பட்டது. பீகார் மாநிலம் 2006இல் இதுபோன்ற திட்டத்தை மாணவியருக்காகத் தொடங்கியது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலாளர்கள், உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை சுமார் 30 விழுக்காடு கூடியதாகக் கண்டறிந்தனர். பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கிராமங்களில் பயன் மிகுந்திருந்தது.

வேப்பம்பட்டு போன்ற ஊர்களுக்கு இந்தச் செய்தி முக்கியமானது. சுற்றுக் கிராமங்களிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வண்டி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வண்டி ஓட வேண்டிய சாலை லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் உரிய சாலையாகிவிட்டது. வண்டியைக் கொடுத்த அளவுக்கு வழியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இன்றைய வழிகள்

2010க்குப் பின் மிதிவண்டிக்கு இன்னொரு வகை ஆட்கள் சேர்ந்தனர். உடல்நலத்துக்காகவும் பொழுதுபோக்காகவும் விடியற்காலையில் கியர் வண்டியில் தலைக்கவசத்துடன் கிளம்பும் நகரவாசிகள் அவர்கள். நெடுந்தூர ஓட்டத்தை ஊக்குவிக்கும் ‘பிரவே’ முறை சென்னையிலும் பரவியது. பிரான்சில் தோன்றிய இம்முறையில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். இது பந்தயம் அன்று. நேரத்துக்குள் முடிப்பதே நோக்கம்.

வேப்பம்பட்டைச் சுற்றி இத்தகைய ஓட்டத்துக்கு மூன்று திசைகள் உள்ளன.

முதலாவது, மேற்கே திருவள்ளூர் வழியாகப் பூண்டி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1944இல் முடிவடைந்த பூண்டி நீர்த்தேக்கம், அதற்கு முயன்ற சென்னை மேயர் எஸ். சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இதற்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள தொன்மையான கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆற்றோரச் சமவெளியை மனிதர் வாழிடமாகத் தேர்ந்தது இந்த வட்டாரத்தில் அத்தனை பழைய வழக்கம்.

இரண்டாவது, திருநின்றவூரிலிருந்து வடக்கே தாமரைப்பாக்கம் வழியாகப் பெரியபாளையம். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையின் அணைக்கட்டு இருக்கிறது. பெரியபாளையத்தில் ஆரணியாற்றங்கரையில் பவானியம்மன் கோயில் உள்ளது. ஆடி மாதத்தில் இச்சாலையில் பக்தர்களின் வாகனங்கள் நிறைந்திருக்கும். மற்ற நாட்களில் வயலும் தோப்புமாகப் போகும் சாலை இது. இங்கிருந்து மேலும் வடகிழக்கே கும்மிடிப்பூண்டியையும் பழவேற்காட்டையும் அடையலாம்.

மூன்றாவது, கிழக்கே ஆவடி. அங்குள்ள பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019இல் நடைபாதையுடன் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஏரியைக் காக்கவும் மக்கள் கரையைப் பயன்படுத்தவும் ஒரே இடத்தில் முடியும் என்பதற்கு அருகிலேயே உள்ள எடுத்துக்காட்டு இது.

இந்த மூன்று வழிகளிலும் ஏற்றம் என்று சொல்லத்தக்கது மேம்பாலம் மட்டுமே. ஓட்டத்துக்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது. சரிவு இல்லாவிட்டாலும் திறந்த வெளியில் எதிர்காற்று உண்டு. அதுவே சமவெளியின் மலை.

கரைகள் எங்கே போயின?

சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலை முன்பு 205 எண்ணிட்ட தேசிய நெடுஞ்சாலையாக இருந்தது. இப்போது அதன் எண் 716. அருகில் நெமிலிச்சேரி வழியாக வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் சுமார் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை செல்கிறது. இவை வந்த பிறகு வயல்கள் வீட்டு மனைகளாயின. பாசனம் இல்லாத இடத்தில் வரத்துக் கால்வாய் தேவையற்றதாகக் கருதப்பட்டுத் தூர்க்கப்பட்டது. கரையின் மேல் வீடு வந்தது. அல்லது கரை அகலமாக்கப்பட்டுத் தார்ச்சாலையாகி அதிலும் லாரி ஓடியது. குறுக்கு வழியில் போன தொழிலாளி இருசக்கர மோட்டார் வாகனத்துக்கு மாறினார். மாற முடியாதவர் மிதிவண்டியுடன் நெடுஞ்சாலையின் ஓரத்துக்கு வந்தார்.

அந்த ஓரம் ஆபத்தானது. இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மிதிவண்டியில் சென்றவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 44.8 விழுக்காடு குடும்பங்களிடம் மிதிவண்டி இருந்தது. இவ்வளவு பேரிடம் உள்ள வாகனத்துக்குச் சாலையில் தனி இடம் இல்லை.

இதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இழந்த வாய்ப்பு ஒன்றும் இருக்கிறது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பின்னர் நீட்டிக்கப்பட்டு, 1876–78 பஞ்சக் காலத்தில் நிவாரண வேலையாக நகருக்குள் இணைக்கப்பட்டது பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளம் கொண்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைத் துடுப்பாலும் கழியாலும் தள்ளினர். கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் சென்றனர். படகுகள் நின்றபின் அந்தக் கரைத் தடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. நகருக்குள் கால்வாய் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் எழுந்தன.

ஐரோப்பாவில் தன்யூப் ஆற்றின் கரையிலும் குதிரைகள் படகு இழுத்த தடங்கள் இருந்தன. அவை கைவிடப்பட்டபின் மிதிவண்டிப் பாதைகளாக மாற்றப்பட்டன. ஜெர்மனியின் பசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதை இன்று உலகப் புகழ் பெற்றது. கரையோரச் சிற்றூர்களின் விடுதிகளும் உணவகங்களும் அதனால் பிழைக்கின்றன. இரு இடங்களிலும் தடம் ஒன்றுதான். படகு நின்ற பிறகு அதை என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

நெதர்லாந்தும் தொடக்கத்திலிருந்தே மிதிவண்டிக்கு இடம் தந்த நாடு அன்று. 1950, 60களில் அங்கும் கார்களுக்காகவே சாலைகள் அகலமாக்கப்பட்டன. 1971இல் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பல நூறு பேர். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினர். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு தனித்தடங்களை அமைக்கத் தொடங்கியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் பலவற்றின் மேலும் மிதிவண்டித் தடம் வந்தது.

தமிழர் நிறைந்து வாழும் சிங்கப்பூர், வேப்பம்பட்டுக்கு இன்னும் பொருத்தமான பாடம். நிலம் குறைந்த அந்நாட்டில் 1990களிலிருந்து வடிகால்களின் ஓரத்து நிலத்தைப் பயன்படுத்திப் பூங்காக்களை இணைக்கும் தடங்கள் அமைக்கப்பட்டன. இன்று அவற்றின் மொத்த நீளம் 300 கிலோமீட்டரைத் தாண்டும். பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயாக இருந்த காலாங் ஆறு, 2012இல் புல்லும் கல்லும் கொண்ட இயற்கை ஆறாக மாற்றப்பட்டது. மழைநாளில் அது வெள்ளம் வாங்கும் இடம். மற்ற நாளில் மக்கள் உலவும் இடம்.

கொள்கையும் நடைமுறையும்

இந்தியாவில் 2006இல் வெளிவந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை விட மனிதர் செல்வதற்கே முதலிடம் தர வேண்டும் என்றது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் செலவிட வேண்டும் என்பது அதன் குறிப்பிடத்தக்க பகுதி. நகரில் நடைபாதைகள் பல மேம்பட்டன. தொடர்ச்சியான மிதிவண்டித் தடம் மட்டும் வளரவில்லை.

மேலும், அந்தக் கொள்கை மாநகராட்சி எல்லைக்கு உரியது. அதற்கு வெளியே நிலைமை வேறு. சாலை நெடுஞ்சாலைத் துறையிடமும், ஏரியும் ஆற்றங்கரையும் நீர்வளத் துறையிடமும், சிறிய நீர்நிலைகள் உள்ளாட்சியிடமும், தண்டவாளத்தை ஒட்டிய நிலம் ரயில்வேயிடமும் உள்ளன. கிராமத்திலிருந்து பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர் போகும் மாணவி இந்த எல்லாருடைய நிலத்தையும் கடந்துதான் போகிறாள். அவளுடைய வழி முழுவதற்கும் பொறுப்பான ஒரு துறை இல்லை.

முடிவுரை

வேப்பம்பட்டுச் சமவெளியில் மிதிவண்டி வழிக்குப் புதிதாக நிலம் தேட வேண்டியதில்லை. ஏரிக்கரைகளும் வரத்துக் கால்வாய்களும் கலங்கல்களும் ஒன்றோடொன்று ஏற்கெனவே இணைக்கப்பட்டவை. நீர் போகும் சங்கிலியைப் பின்தொடர்ந்தாலே ஊருக்கு ஊர் வழி கிடைக்கும். கரையைப் பலப்படுத்தும்போது மேலே இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கெட்டித்த தடத்தை விட்டு, லாரியும் காரும் ஏறாதபடி முனையில் கல் நட்டால் செலவு பெரிதாகாது. அதோடு, மக்கள் தினமும் போய்வரும் கரையில் உடைப்பும் ஆக்கிரமிப்பும் உடனே கண்ணில் படும். ஆளில்லாத கரைதான் முதலில் காணாமல் போகிறது.

அம்பத்தூர் வண்டியைச் செய்தது. அரசு அதைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது. அந்த வண்டி ஓடுவதற்கு உரிய வழியை முன்னோர் நீருக்காக எழுப்பி வைத்துப் போனார்கள். இந்த மூன்றையும் சேர்ப்பதுதான் இந்த வட்டாரத்தில் மீதமிருக்கும் வேலை.